ஒரு வீட்டின் கணக்கையாவது போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வரட்டும்: வணிகவியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துக்கும், பல்கலைக்கழகங்கள் மற்றும் தன்னாட்சிக் கல்லூரிகளின் வணிகவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். திருச்சியில் தொழில் செய்கிறேன். குடும்பங்களுக்கு நிதித் திட்டம் போட்டுக் கொடுத்து அதற்குக் கட்டணம் வாங்குவதுதான் என் வேலை. பாலிசி, ஃபண்டு எதையும் விற்பதில்லை. கோடை விடுமுறையில் பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களிடம் கண்டதை வைத்துத்தான் இந்தக் கோரிக்கையை எழுதுகிறேன்: தனிநபர் நிதித் திட்டமிடலைப் பாடமாக எடுக்கும் ஒவ்வொரு மாணவரும், பட்டம் வாங்குவதற்கு முன், நிஜமான ஒரு குடும்பத்துக்கு முழு நிதித் திட்டம் ஒன்றைத் தயாரித்து, அதை அந்தக் குடும்பத்தின் முன் உட்கார்ந்து தமிழில் விளக்கியிருக்க வேண்டும். பெயருக்கு ஐந்து, பத்து என்று மதிப்பெண் போடாமல், அந்தத் தாளின் பாதி மதிப்பெண்ணை அதற்கே ஒதுக்க வேண்டும்.

வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மியூச்சுவல் ஃபண்டில் எத்தனை வகை என்று கேட்டால் ஈக்விட்டி, டெட், ஹைபிரிட் என்று மளமளவென்று சொல்வார்கள். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கு எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு போடலாம் என்பதெல்லாம் மனப்பாடம். "உங்க வீட்டுல மாசம் எவ்வளவுப்பா செலவாகுது?" என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். அப்பாவுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, யார் பெயரில் இன்சூரன்ஸ் இருக்கிறது, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு எவ்வளவு வரும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பவை எல்லாம் அவர்கள் பாடத்துக்கு வெளியே இருக்கின்றன. நான் பார்த்த பாடத்திட்டங்களில் பெரும்பாலும் பொருள்களின் பட்டியல்தான் பாடமாக இருக்கிறது. இன்சூரன்ஸ் ஓர் அலகு, பங்குச்சந்தை ஓர் அலகு, வரி ஓர் அலகு. இவற்றையெல்லாம் யாருக்காகப் படிக்கிறோமோ அந்தக் குடும்பம் எந்த அலகிலும் வருவதில்லை.

இந்தத் தொழில் பிறந்த காரணமே இதற்கு நேர்மாறானது. 1969 டிசம்பரில் சிகாகோவில் 13 பேர் கூடிப் பேசினார்கள். இன்சூரன்ஸ், ஃபண்டு என்று தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த தொழிலை, குடும்பத்தின் முழு நிலையையும் பார்த்து ஆலோசனை சொல்லும் தொழிலாக மாற்ற முடியுமா என்பதுதான் அவர்கள் பேசியது. அதிலிருந்துதான் சிஎஃப்பி (சான்று பெற்ற நிதித் திட்டமிடுநர்) என்ற தகுதிப் படிப்பு வந்தது. 1973இல் தேறிய முதல் அணியில் 42 பேர். இந்தத் தொழிலுக்கென்று வகுத்த ஒழுங்கு இன்றும் பெரிதாக மாறவில்லை. முதலில் யாருக்கு என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு வாங்கப்போகிறோம் என்று வாடிக்கையாளரோடு பேசித் தெளிவாக்கிக்கொள்வது. பிறகு விவரம் திரட்டுவது, நிலையை ஆராய்வது, திட்டம் எழுதுவது. அதற்குப் பின்தான் நடைமுறைப்படுத்துவது, காலாகாலத்தில் திரும்பிப் பார்ப்பது. பொருள்களின் பெயர் உள்ளே வருவதே நான்காவது படியில்தான். நம் பாடமோ அந்தப் படியில்தான் தொடங்கி, அங்கேயே முடிகிறது.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளை செபி 2013இல் கொண்டுவந்தது. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்குப் பொருளும் விற்கக் கூடாது என்று 2020இல் இறுக்கியது. நல்ல விதிதான். ஆனால் கல்வித் தகுதி, அனுபவம், சொத்து மதிப்பு என்று நிபந்தனைகள் கூடியதால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். 2024 டிசம்பரில் செபி அந்த நிபந்தனைகளைத் தளர்த்தியது. முதுகலைப் பட்டமும் முன்அனுபவமும் கட்டாயம் என்ற நிலை போய், இளங்கலைப் பட்டதாரி, செபியின் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 10ஏ, 10பி தேர்வுகளை எழுதித் தேறினால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டது. நம் பி.காம். பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. இருபத்தொரு வயதில் அந்தக் கதவு வழியாகப் போகிறவர், ஒரு குடும்பத்தின் கணக்கைக்கூட அதுவரை பார்த்ததில்லை என்றால், அவர் சொல்லும் ஆலோசனையைக் கேட்டு நடக்கிறவர்களின் கதி என்ன?

சென்ற ஆண்டுகளில் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி தயாரித்த திட்டத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தை யாரும் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பேராவூரணிப் பக்கம் ஒரு குடும்பம். கணவருக்கு ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பிடித்தம் போகக் கையில் 34,000 ரூபாய். மனைவி ஊரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார், தையலில் மாதம் 6,000 வருகிறது. மாணவி முதல் நாளே தாளில் எழுதிவிட்டாள். ஓசூர் அறை வாடகையும் சாப்பாடும் 9,000. ஊரில் வீட்டுச் செலவு 14,000. வண்டிக் கடன் தவணை 3,611. மகளிர் குழுக் கடன் 2,400. மொத்தம் 29,011 போக, மிச்சம் கிட்டத்தட்ட 11,000. அடுத்த வரியிலேயே பரிந்துரை: மாதம் 10,000 ரூபாய்க்கு எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

"அக்கா, மாசாமாசம் வராம, வருசத்துக்கு ஒரு தடவை வர்ற செலவு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கச் சொல்லி அவளைத் திரும்ப அனுப்பினேன். அந்தப் பெண்மணி பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 38,000 என்றார். முறையில் மாமாவாகும் ஒருவரிடம் எடுத்த, சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த இரண்டு எண்டோமென்ட் பாலிசிகளுக்குப் பிரீமியம் 46,000. பிறகு பீரோவைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். மொய் நோட்டு. வீடு கட்டும்போது அவர்கள் மொய்விருந்து வைத்திருக்கிறார்கள். யார் எந்த ஊர், எவ்வளவு செய்தார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. அதில் பழைய மொய்யைத் திருப்பியதற்குப் பக்கத்தில் டிக் இருந்தது. டிக் இல்லாத வரிகள் இன்னும் ஏராளம். ஒவ்வொரு ஆடி, ஆவணியிலும் சராசரியாக 50,000 ரூபாய் அதற்கே போகிறது. வாங்கியதை அப்படியே திருப்பினால் போதாது, மேலே கொஞ்சம் புது மொய்யும் வைக்க வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,34,000. மாதத்துக்கு 11,167. மிச்சம் என்று எழுதியிருந்த தொகை முழுவதும் போய், நூற்றுச்சொச்சம் துண்டு விழுந்தது. அந்தக் குடும்பத்தின் தலையில் 10,000 ரூபாய் எஸ்ஐபியைக் கட்டியிருந்தால் மூன்றாவது மாதமே நகை அடகுக்குப் போயிருக்கும்.

மொய் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாது. சொல்லாமல் போனால் போகட்டும், ஆனால் அது ஒரு கடன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, தேதியும் எழுதப்படவில்லை. ஆனால் திருப்பாமல் இருக்கவே முடியாது. சொத்து, கடன் அறிக்கையில் அதை எந்தப் பக்கம் எழுதுவது, எந்த ஆண்டில் எவ்வளவு கேட்கும் என்று எப்படி மதிப்பிடுவது என்று அந்த மாணவி யோசித்துச் செய்தாள். நோட்டில் உள்ள குடும்பங்களில் எந்த வீட்டில் எப்போது விசேஷம் வரும் என்று அந்த அம்மா வாயாலேயே சொல்ல, மாணவி ஐந்து ஆண்டுக்கான அட்டவணையைப் போட்டாள். கல்லூரியில் படித்த பணப்பாய்வு அறிக்கை அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. தாய்மாமன் சீர், ஆடிச்சீர், ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, "ரெண்டு வட்டி"க்கு வாங்கிய கைமாற்று என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் வீட்டுக் கணக்கில் இப்படி ஏதாவது இருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 சதவீதம் என்று சொன்னவுடன் வாய் பிளக்கும் பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் தினமும் காதில் விழும் சொல்தான் அது.

அதே வீட்டில் வண்டிக் கடன் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தாள். ஒரு லட்சம் ரூபாய், 36 மாதம், "பத்து பர்சன்ட் வட்டி" என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். அது பிளாட் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டியை முழு லட்சத்துக்கும் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 30,000 என்று போட்டு, 1,30,000ஐ 36ஆல் வகுத்தால் வருவதுதான் 3,611. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 18 சதவீதம். தனிநபர்கள் வாங்கும் இப்படிப்பட்ட சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கட்டாயமாகத் தர வேண்டும், அதில் எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்ட வேண்டும், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை தெருவுக்கு ஒன்று இருந்தால்கூடப் பெரிய காரியம்.

பாலிசி கணக்கும் அப்படித்தான், பொதுவாக ஓர் உதாரணம் சொல்கிறேன். "வருசம் ஐம்பதாயிரம், இருபது வருசம். பத்து லட்சம் கட்டுறீங்க, பதினெட்டு லட்சத்து நாப்பதாயிரம் வாங்குறீங்க" என்று சொல்லும்போது யாருக்கும் மனம் குளிரத்தான் செய்யும். அதன் உள்விளைவு வீதத்தை, அதாவது கட்டிய பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்பதை, ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் ஐந்தரை சதவீதம் வருகிறது. அதே ஐம்பதாயிரத்தை பிபிஎஃப் கணக்கில் 7.1 சதவீதத்தில் இருபது ஆண்டு போட்டால், அந்த வீதம் மாறாமல் இருக்கும் பட்சத்தில், 22 லட்சத்தைத் தாண்டும். எண்டோமென்டில் ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது: அந்தக் காப்பீடு போதுமா? பேராவூரணிக் குடும்பத்துக்கு இரண்டு பாலிசியும் சேர்த்துக் காப்பீடு 9 லட்சம். ஊரில் வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், மொய் மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். ஒன்பது லட்சம் மூன்றரை ஆண்டு தாங்கும். சின்னப் பெண்ணுக்கு வயது ஐந்து.

நிகழ்கால மதிப்பு, உள்விளைவு வீதம் எல்லாம் நம் பாடத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. நிதி மேலாண்மைத் தாளில் இருக்கின்றன, ஒரு கற்பனைக் கம்பெனி வாங்கும் இயந்திரத்துக்காக. அதே சூத்திரத்தை அப்பாவின் பாலிசிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நாமினி விவகாரத்தை மட்டும் தொட்டுச் செல்கிறேன், ஏனென்றால் பணம் இருந்தும் குடும்பங்கள் அலைவது இதனால்தான். அந்தக் கணவரின் பி.எஃப். கணக்கில் நாமினியாக அவர் அண்ணன் பெயர் இருந்தது, கல்யாணத்துக்கு முன் கொடுத்தது. கல்யாணமாகிக் குடும்பம் வந்தவுடன் அந்த நியமனம் செல்லாது, மனைவி மக்கள் பெயரில் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பது பி.எஃப். திட்டத்திலேயே இருக்கும் விதி. பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் பி.எஃப்.உடன் இணைந்த இடிஎல்ஐ காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாணவி அந்தக் குடும்பத் தலைவரோடு போனில் பேசி, இணையத்திலேயே நாமினியை மாற்ற வைத்தாள். செலவு சுழியம். பங்குகளில் நாமினியாக இருப்பவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், வாரிசுரிமைச் சட்டமும் உயிலும்தான் முடிவு செய்யும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உயில் என்ற ஒன்றை ஒரு வகுப்பாவது எடுத்தால் என்ன?

கடைசியில் அந்தக் குடும்பத்துக்குப் போன திட்டத்தில் எஸ்ஐபி முதல் வரியில் இல்லை. ஒரு பாலிசியை மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் பெய்ட்-அப் ஆக்கி, அதில் மிஞ்சும் தொகையில் கணவர் பெயரில், சேமிப்பு கலக்காமல் உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் டெர்ம் இன்சூரன்ஸ். மொய்க்கென்று தபால் அலுவலகத்தில் தனி ஆர்.டி. வண்டிக் கடன் முடிந்ததும் விடுபடும் 3,611 ரூபாயில் முதலில் அவசரச் செலவுக்கு ஒரு கையிருப்பு, அது நிறைந்த பிறகு சிறிய அளவில் எஸ்ஐபி. ஆண்டுக்கு ஒரு முறை, ஆவணி முடிந்ததும், திரும்ப உட்கார்ந்து பார்ப்பது. இதில் எந்த நிறுவனத்துக்கும் பெரிய கமிஷன் இல்லை.

கமிஷன் என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். முகவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வங்கியே எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு சைக்கிளில் போய்ச் சேமிப்புப் பழக்கத்தைக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள். ஆனால் எண்டோமென்ட் வகைப் பாலிசிகள் பலவற்றில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ முகவருக்குக் கமிஷனாகப் போகிறது. டெர்ம் பாலிசியில் பிரீமியமே சிறியது, அதனால் வரும் தொகையும் சிறியது. மியூச்சுவல் ஃபண்டில் முன்கூட்டிக் கொடுக்கும் கமிஷனை செபி 2018இல் நிறுத்தியது. கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதலே இருக்கின்றன. யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது தெரியாமல் ஒரு பரிந்துரையை எடைபோட முடியாது. நம் பட்டதாரிகள் பலருக்கு முதல் வேலையே வங்கிகளிலும் இன்சூரன்ஸ் நிறுவனங்களிலும் மாத டார்கெட்டோடுதான் கிடைக்கிறது. சேர்ந்த முதல் வாரம் கேட்கப்படுவது "உங்க சொந்தக்காரங்க லிஸ்ட்டைக் கொடுங்க" என்பது. அந்த லிஸ்ட்டில் இருக்கும் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் தான் விற்கப்போவது பொருந்துமா என்று பார்க்கத் தெரியாமல் அந்தப் பிள்ளையை அனுப்பிவைப்பது நாம்தான்.

இதன் கோர முகத்தை ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் விவகாரத்தில் தமிழ்நாடே பார்த்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருகிறோம் என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்கு. 2022இல் அது வெடித்தபோது ஏமாந்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். மாதம் 30 சதவீதம் என்பது கூட்டுவட்டியில் எங்கே போய் நிற்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தால் போதும். ஒரு லட்சம் ஓராண்டில் 23 லட்சம் ஆகும். மூன்றாம் ஆண்டு முடிவில் 126 கோடி ஆகும். உலகில் எந்தத் தொழிலிலும் இந்த வருமானம் கிடையாது. முதலீட்டாளர்களைக் காக்க 1997லேயே நாம் தனிச் சட்டம் போட்டோம். அதற்குப் பிறகும் ஈமு கோழிப் பண்ணை மோசடி வந்தது, திருப்பூரில் அந்நியச் செலாவணி மோசடி வந்தது, ஆருத்ரா வந்தது. சட்டம் வேலை செய்யத் தொடங்குவது பணம் போன பிறகு. பணம் போவதற்கு முன் தடுக்கக்கூடியது வீட்டில் கால்குலேட்டரை எடுத்துப் பார்க்கும் ஒரு பிள்ளைதான்.

என் கோரிக்கைக்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஆசிரியர்களோடு பேசியிருக்கிறேன். அறுபது பேர் உள்ள வகுப்பில் அறுபது திட்டங்களை யார் திருத்துவது என்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்று பேர் சேர்ந்து ஒரு குடும்பம் என்று வைத்தால் இருபதாகிவிடும். வாய்மொழித் தேர்வுக்குக் கல்லூரிக்கு வெளியிலிருந்து நிதி ஆலோசகர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பட்டயக் கணக்காளர் என்று யாரையாவது அழைக்கலாம். குடும்பத்தின் ரகசியம் வெளியே போய்விடாதா என்றும் கேட்கிறார்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்கி, பெயரும் ஊரும் இல்லாமல் அறிக்கை தரவேண்டும் என்று விதி வைத்தால், தொழில்முறை ரகசியம் என்பதையும் பிள்ளைகள் சேர்த்தே கற்றுக்கொள்வார்கள். ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன்: மாணவர் அந்தக் குடும்பத்துக்கு எதையும் விற்கக் கூடாது, எந்த நிறுவனத்தின் பெயரையும் பரிந்துரைக்கக் கூடாது. எந்த வகை, எவ்வளவு, ஏன் என்பதோடு நிற்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் நிறுவனங்கள் உள்ளே வந்து இலவச விற்பனையாளர்களைத் திரட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

திட்டத்தைத் தமிழில் விளக்க வேண்டும் என்று நான் கேட்பது மொழிப்பற்றால் மட்டும் அல்ல. ஆங்கிலத்தில் தேர்வு எழுதித் தேறிய பிள்ளை, வீட்டு அம்மாவிடம் பணவீக்கத்தைச் சொல்லத் திணறுகிறது. "ஆறு சதவீதம் விலை ஏறினா, இன்னிக்கு இருபதாயிரத்துல ஓடுற வீட்டுக்குப் பன்னிரண்டு வருசத்துல நாப்பதாயிரம் வேணும்மா" என்று சொல்ல வந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நம்பலாம். எழுத்துத் தேர்வில் இதைச் சோதிக்க வழியே இல்லை.

விவரம் திரட்டுவதற்கான படிவம் ஒன்றைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். மொய், சீட்டு, அடகு, குழுக் கடன், சீர் என்று தனித்தனிக் கட்டங்களோடு இருக்கிறது. பிளாட் வட்டி, உள்விளைவு வீதம், ஆயுள் காப்பீட்டுத் தேவை ஆகியவற்றுக்கான ஸ்ப்ரெட்ஷீட்டும் இருக்கிறது. எந்தக் கல்லூரி கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி என்று ஓராண்டு சோதனையாகத் தொடங்கினாலும் போதும். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கக் கல்லூரிகள் தொடங்கினால் வாய்மொழித் தேர்வுக்கு நானே வருகிறேன், படி எதுவும் வேண்டாம். பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, செய்ய முடியுமா முடியாதா என்ற முடிவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு நிதி ஆலோசகர்